ஏழு மணிச் சிலேட்டு

1999 ஜூன் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. வீட்டில் நாலு பேர், சிலேட்டு ஒன்று. முதலில் எழுதியவன் என் மகன் பெனாயா.

தேதியெல்லாம் எப்படி நினைவிருக்கிறது என்று பார்க்கிறாயா? பள்ளிக்கூடம் திறந்த நாள் அது. நான் டீச்சர். முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம் திறந்த நாள் எங்களுக்கு மறக்காது.

உனக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது உன் பையன் முதுகில் ஒன்று வைத்தாயே, அதற்காகத்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதேம்மா. திருநெல்வேலியில் ஏறினதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். அவன் தங்கச்சியைக் கிள்ளினான், அவள் அழுதாள், நீ அடித்தாய். இப்போது இரண்டும் அழுகின்றன. அடிபட்ட பிள்ளைக்கு என்ன தெரியும்? அடுத்த தடவை அம்மா பார்க்காத நேரமாகக் கிள்ள வேண்டும் என்று தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

இன்னும் நாங்குநேரி வரவில்லை. நீயும் நாகர்கோவில் என்றுதானே டிக்கெட் எடுத்தாய்? நேரம் இருக்கிறது. என்னை அடித்துத்தான் வளர்த்தார்கள். அதைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் அப்பா உபதேசியார். சபைக்குரு, நாங்கள் ஐயர் என்போம், அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆராதனை நடத்துகிறவர். கையில் எப்போதும் ஒரு புளிய விளார் இருக்கும். அடியாவது போகட்டும், வீக்கம் வற்றினால் மறந்துவிடும். அவர் சொல்லிக்காட்டுவார், அதுதான் மறக்காது. ஏழு வயசில் கோயில் லாந்தர் ஒன்றை நான் உடைத்துவிட்டேன். இருபத்து நாலு வயசில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா வந்து நின்று, “இவ கையில கண்ணாடிச் சாமான் குடுத்துராதீங்க, கோயில் லாந்தரையே ஒடச்சவ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினேழு வருஷம் ஆகியிருந்தது, பார்த்துக்கொள்.

அன்றைக்கே தீர்மானம் பண்ணினேன். என் வீட்டில் அடி கிடையாது. அதைவிட முக்கியம், சொல்லிக்காட்டுவது கிடையாது. தப்பு செய்தால் மன்னிப்பு, மன்னித்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆண்டவர் நமக்கு அப்படித்தானே செய்கிறார்? அதற்குத்தானே கிருபை என்று பெயர்? பெரியவர்களுக்கு அதைப் பிரசங்கத்தில் சொல்லலாம். பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும். முதல் வகுப்பு டீச்சருக்கு அது தெரியாதா?

பெனாயாவுக்கு அப்போது ஒன்பது வயசு. அவன் தங்கச்சி எமீமாவுக்கு ஆறு. என் வீட்டுக்காரர் பொன்ராஜ் மின்வாரியத்தில் இருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டுக்கு முன்னால் ஒரு சிலேட்டைப் பாயின் நடுவில் வைத்தேன். பக்கத்தில் ஒரு ஈரத்துணி.

“பெனாயா, இன்னைக்குத் தங்கச்சிக்கு என்ன செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல.”

“அடிக்க மாட்டேன். ஏசவும் மாட்டேன். நீ எழுது, அவ அழிச்சிருவா. அதோட முடிஞ்சிது.”

“முடிஞ்சிதுன்னா?”

“முடிஞ்சிதுதான். யாரும் ஒன்கிட்ட அதப்பத்திக் கேக்க மாட்டோம்.”

“அப்பாவுமா?”

“அப்பாவும்.”

“என்னைக்குமா?”

“என்னைக்கும்.”

அவன் யோசித்தான். ஒன்பது வயசுப் பிள்ளை அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு குச்சியை எடுத்து எழுதினான்: ‘எமீமாவின் பச்சைக் கலர் பென்சிலை உடைத்தேன்.’ எழுத்து அச்சு மாதிரி இருக்கும் அவனுக்கு. எமீமா ஈரத்துணியால் துடைத்தாள். நாங்கள் பாடினோம். அவன் தங்கச்சி தோளில் கைபோட்டுக்கொண்டு பாடினான். என் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

ஒரு சின்ன இடைஞ்சல் வந்தது. அந்த வாரமே எமீமா ஒரு மாமரம் வரைந்துகொண்டிருந்தவள், “இலைக்குப் பச்சை இல்ல, அண்ணன்தான ஒடச்சான்” என்று ஆரம்பித்தாள். நான் பதறிவிட்டேன். என் அப்பா குரல் மாதிரியே கேட்டது எனக்கு. ஆறு வயசிலேயே சொல்லிக்காட்டுகிற புத்தியா? அதைத்தான் முளையிலேயே கிள்ள வேண்டும். அன்று ஏழு மணிக்கு அவளை எழுத வைத்தேன்: ‘மன்னித்ததைத் திரும்பச் சொன்னேன்.’ அவளுக்கு வாசிக்க வரும், எழுத வராது, கையைப் பிடித்து எழுத வைத்தேன். பெனாயா அழித்தான்.

அது எங்கள் வீட்டில் சட்டம் ஆயிற்று. செய்த தப்பைவிட, அழித்ததைச் சொல்வது பெரிய தப்பு.

மரத்துக்கு என்ன செய்தாள் என்று கேட்கிறாயா? நீலம் அடித்தாள். பிள்ளைகள் எதையாவது செய்துகொள்ளும்.

இரண்டு மாசத்தில் எங்கள் வீடு எப்படி இருந்தது தெரியுமா? சத்தமே கிடையாது. பக்கத்து வீட்டில் இரண்டு பையன்கள், காலையிலிருந்து கூப்பாடு. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பற்றிக் கோள் சொல்வதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். அடுத்த சேகரத்துச் சபைகளிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று சேகரங்களில் பேசியிருக்கிறேன். எத்தனை வீட்டில் சிலேட்டு வாங்கினார்கள் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாக்கள் என் பிள்ளைகளைப் பார்க்கவே வருவார்கள். “எப்படி டீச்சர், இந்தப் பிள்ளை வாயே தொறக்க மாட்டேங்கா” என்பார்கள். எமீமாவைத்தான் சொல்வார்கள்.

ஆகஸ்ட்டில் அசனப் பண்டிகை. கோயிலில் எல்லாருக்கும் சாப்பாடு போடுவோம், கடைகள் வரும். கலர் கோழிக்குஞ்சு விற்பார்கள், சாயம் முக்கி. எமீமா அப்பாவிடம் கெஞ்சி ஒன்று வாங்கினாள். ரோஸ் கலர். பஞ்சு என்று பெயர் வைத்தாள். அட்டைப்பெட்டியில் நாலு நாள் வளர்த்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் பெனாயா எழுதினான்: ‘பஞ்சுவை வாளித் தண்ணீரில் போட்டு மூடினேன்.’

எமீமா சிலேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குள்ளே போராட்டம் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. மன்னிப்பு தானாக வர வேண்டும். பத்து நிமிஷம் இருக்கும். பாட்டு ஆரம்பிக்கவில்லை, சாப்பாடு எடுத்து வைக்கவில்லை, எல்லாரும் காத்திருந்தோம். பெனாயா, “அழி எமீமா, பசிக்கி” என்றான். அழித்தாள்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு சாப்பிடும்போது, “ஏன் செஞ்சான்னு யாராவது கேட்டீங்களா?” என்றார்.

“அழிச்சாச்சு” என்றேன்.

“இல்ல புளோரா. மூடினேன்னு எழுதிருக்கான். வாளிக்கு மேல மூடி வச்சிருக்கான். அதத்தான் கேக்கேன்.”

“பிள்ளைங்க முன்னால வேண்டாம்.”

அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். சாதுவான மனுஷர். கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். எதற்கும் இரண்டு தடவை யோசிப்பார், கையை நீட்டுவதற்கு முன்னால் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. எல்லாவற்றிலும் அந்தச் சந்தேகம். விசுவாசக் குறைச்சல் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை எமீமா காலிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பார், எவ்வளவு சீக்கிரம் படித்துவிட்டாள்.

செப்டம்பரில் இன்னொன்று கவனித்தேன். எமீமா சிலேட்டைப் படிப்பதை விட்டுவிட்டாள். அவன் எழுதி முடித்துக் குச்சியைக் கீழே வைப்பான். உடனே துடைத்துவிடுவாள். கண் சுவரில் இருக்கும், கை மட்டும் துடைக்கும். எவ்வளவு பெரிய காரியம், யோசித்துப் பார். என்ன தப்பு என்றுகூடக் கேட்காமல் மன்னிப்பது பெரியவர்களுக்கே வராது. அதையும் சங்கத்தில் சொன்னேன். ஒரு அம்மா அழுதே விட்டார்.

ஏன் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய்? ஜன்னல் பக்கம் வெயிலா? சரி, வைத்துக்கொள்.

அக்டோபர் மாசம், ஒரு வியாழக்கிழமை. அவன் எழுதினான், அவள் துடைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால் துணி படுவதற்கு முன்னால் எனக்கு ஒரு சொல் மட்டும் தலைகீழாகத் தெரிந்தது. ‘மாடிப்படி’. இன்றைக்கு யாரும் மாடிக்குப் போகவில்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அழித்த பிறகு கேட்கக்கூடாது. சட்டம் எனக்கும் சேர்த்துத்தானே. பாடினோம், ஜெபித்தோம், படுத்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன், எமீமா மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறாள். வலது கை அடியில் மடங்கியிருக்கிறது. அழவில்லை. பெனாயா மேல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். “எப்படிம்மா விழுந்த?” என்று அவளிடம் கேட்டார்.

எமீமா என் முகத்தைப் பார்த்தாள்.

“பயப்படாம சொல்லு. கால் வழுக்கிச்சா? யாராவது தள்ளினாங்களா?”

“அது அழிச்சாச்சு” என்றாள்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “காய்ச்சல் இருக்கா?” என்று என்னைக் கேட்டார். எனக்கோ உள்ளுக்குள் பொங்குகிறது. ஆறு வயசு! எலும்பு முறிந்து கிடக்கிறாள், அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. எத்தனை வருஷம் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பினாலும் இந்தக் குணம் வருமா, சொல்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தோம். நான் அன்றைக்கும் ஏழு மணிக்குச் சிலேட்டை வைத்தேன். வழக்கத்தை ஒரு நாள் விட்டால் மறுநாளும் விடத் தோன்றும். பெனாயா குச்சியைத் தொடவில்லை.

“எழுதுப்பா” என்றேன்.

“நேத்தே எழுதிட்டேம்மா.”

“நேத்தா?”

“நேத்தே அழிச்சாச்சு.”

நான் அவனைக் கண்டித்தேன். முன்கூட்டி எழுதக்கூடாது, செய்த பிறகுதான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் முன்கூட்டி எழுதினதே இல்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை அவன். அடிக்காமலே கேட்கிற பிள்ளை.

என் வீட்டுக்காரர்தான் கெடுத்தார். எழுந்து போய் அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, “ஏம்ல தள்ளுன?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “சொல்லுல. அடிக்க மாட்டேன். ஏம்ல அவளத் தள்ளுன?”

பெனாயா என்னைப் பார்த்தான். “அம்மா, அப்பா கேக்காங்க.”

“கேக்கக்கூடாதுன்னு இருக்குல்லா” என்றேன் அவரிடம்.

“புளோரா, பிள்ள கை ஒடிஞ்சிருக்கு.”

“அதுக்குத்தான் மன்னிப்பு. கை ஒடியாத நாள்ல மன்னிக்கிறதுல என்ன இருக்கு?”

“அப்பா எழுதணும்” என்றான் பெனாயா. “நான் சொல்லல. சட்டம் அப்படித்தான.”

சரிதானே? வீட்டுத் தலைவனுக்கு ஒரு சட்டம், பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் என்று இருக்கலாமா? நான் சிலேட்டை அவர் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். நாற்பத்தொரு வயசு மனுஷர், சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘மன்னித்ததைத் திரும்பக் கேட்டேன்’ என்று. பெனாயா ஈரத்துணியை எடுத்து நிதானமாகத் துடைத்தான், ஓரம்கூட விடாமல். “மன்னிச்சாச்சுப்பா” என்றான்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை. 2015-ல் இறக்கிற வரைக்கும் கேட்டதில்லை. ஏழு மணிக்கு லைனில் வேலை இருக்கிறது என்று போய்விடுவார்.

என்ன கேட்டாய்? எமீமாவின் கையா? கூடிவிட்டது. முழுசாக நீட்ட வராது, அவ்வளவுதான். தலை பின்ன இடது கையால் பழகிக்கொண்டாள். பத்து வயசில் தானாகவே விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்றாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் படிப்புக்குத்தானே என்று விட்டேன். விடுமுறைக்கு வருவாள், ஏழு மணிக்கு உட்காருவாள், துடைப்பாள், போவாள். படித்து முடித்தாள், புனேயில் வேலை. அப்பா அடக்கத்துக்கு வந்தாள். அண்ணனும் தங்கச்சியும் ஒரு வார்த்தை சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை பேசியும் பார்த்ததில்லை என்று என் நாத்தனார் சொல்வாள். அவளுக்குப் பொறாமை.

பெனாயாவுக்கு 2016-ல் கல்யாணம். மருமகள் ஜெனிட்டா, நாகர்கோவில்காரி, கணக்கு டீச்சர். சிரித்த முகம். கல்யாணமாகி முதல் வாரம் சிலேட்டை வைத்தபோது, “அத்தை, இம்போசிஷனா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பெனாயா சிரிக்கவில்லை. குச்சியை எடுத்து எழுதினான்: ‘ஜெனிட்டாவின் போனை உடைத்தேன்.’ அவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். அழித்தாள்.

நான் உன்னைக் கேட்கிறேன், எந்தப் புருஷன் தினமும் பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து தன் தப்பை எழுதுவான்? உன் வீட்டுக்காரர் எழுதுவாரா? பெனாயா ஒரு நாள் தவறியதில்லை. ‘ஜெனிட்டாவை உள்ளே வைத்துப் பூட்டினேன்.’ ‘ஜெனிட்டாவின் கையைத் திருகினேன்.’ ‘ஜெனிட்டாவின் அம்மா வந்தபோது அவள் இல்லை என்று சொன்னேன்.’ அச்சு மாதிரி எழுத்து, அப்போதும். ஒன்றை மறைத்தானா? இல்லை. ஒருமுறை அவள், “அத்தை, எழுதிட்டா சரியாப் போச்சா?” என்று கேட்டாள். “ஏழு மணி வரைக்கும் காத்திரும்மா, மனசு ஆறிரும்” என்றேன்.

என் பேத்தி பெர்சிஸ் பிறந்த பிறகு வீடு நன்றாக இருந்தது. நாலு வயசு ஆனதும் அவளையும் பாயில் உட்கார வைத்தேன். மருமகளுக்கு இஷ்டமில்லை. “அவ சின்னப் பிள்ளை அத்தை” என்றாள். சின்ன வயசில் கற்காதது எப்போது வரும்? மன்னிப்புக்கு வயசு உண்டா? நானே பெர்சிஸின் கையைப் பிடித்துத் துணியைப் பிடிக்கப் பழக்கினேன். ஒரே மாசத்தில் பிடித்துக்கொண்டாள். புத்திசாலி. அத்தை எமீமாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

2022 நவம்பர். ஒரு சாயங்காலம் ஜெனிட்டா அடுப்படியில் இருந்து வர இரண்டு நிமிஷம் பிந்திவிட்டது. அவள் வந்து உட்காருவதற்குள் பெனாயா எழுதி, பெர்சிஸ் துடைத்துவிட்டாள்.

“என்ன எழுதுனீங்க?” என்றாள் ஜெனிட்டா.

“அழிச்சாச்சு” என்றான்.

“என்ன எழுதுனீங்கன்னு கேட்டேன்.”

“ஜெனிட்டா” என்றேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “பாப்பா, அப்பா ஒன்ன என்ன செஞ்சாங்க?” என்றாள்.

பெர்சிஸ் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், “சொல்லக்கூடாதும்மா. சொன்னா நான்தான் எழுதணும்” என்றாள். எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள், பார். நாலு வயசு.

ஜெனிட்டா பிள்ளையின் கவுனைக் கழற்றிப் பார்த்தாள். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி ஏதோ இருந்தது. முதுகிலும் இருந்தது என்கிறாள். நான் பார்க்கவில்லை. விளையாடுகிற பிள்ளைக்கு ஆயிரம் படும். அதற்கு மேல், அது என்னவாக இருந்தாலும் மன்னித்தாகிவிட்டது. மன்னித்தது யார்? பட்ட பிள்ளையே மன்னித்துவிட்டது. நடுவில் இவள் யார்?

அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். செருப்புகூடப் போடவில்லை. எட்டு மணி பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. பிள்ளை தன்னிடம்தான் இருக்க வேண்டும், தகப்பன் பார்க்கவே கூடாது என்று கோர்ட்டில் மனு. அந்த வழக்குக்காகத்தான் இந்த அலைச்சல். இப்போதும் வக்கீலைப் பார்க்கத்தான் போகிறேன். பேத்தி முகத்தைப் பார்த்துப் பதினோரு மாசம் ஆகிறது. அவள் பல் விழுந்து முளைத்திருக்கும். எனக்கு இருக்கிறது அந்த ஒரு குழந்தைதான்.

எங்கள் வக்கீல் கேட்டார்: “ஒங்க மகன் நல்லவர்னு சொல்ல யாராவது இருக்காங்களாம்மா? சின்ன வயசுலேருந்து கூட இருந்தவங்க?”

எமீமாவைவிட யார் இருக்கிறார்கள்? நானே போன் போட்டேன்.

“எமீமா, நீதான் வந்து சொல்லணும்.”

“என்ன சொல்லணும்மா?”

“நீயும் அண்ணனும் எப்படி வளந்தீங்கன்னு. நம்ம வீட்ல எப்படி மன்னிச்சோம்னு.”

 போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன்.

“எல்லாத்தையும் சொல்லணுமாம்மா?”

“எல்லாத்தையும் சொல்லு.”

“அழிச்சதையுமா?”

பார்த்தாயா வளர்ப்பை? முப்பது வயசு, கை நிறையச் சம்பாதிக்கிறாள். இருபத்து நாலு வருஷம் கழித்தும் அம்மாவிடம் அனுமதி கேட்கிறாள். 

“அது கோர்ட்டு, நம்ம வீடு இல்லையே” என்றேன். “ஜட்ஜ் கேட்டா சொல்லித்தான் ஆகணும்.”

“நீங்க சொல்லிட்டீங்கல்ல?”

“நான்தான் சொல்லுதேன்.”

“சரிம்மா. டிக்கெட் போடுதேன்.”

என்னம்மா, எழுந்துவிட்டாய்? இது வள்ளியூர்தானே. நாகர்கோவிலுக்கு அல்லவா டிக்கெட் எடுத்தாய்? பையனை முன்னால் விடு, பாப்பா கையை விடாதே, நெரிசல். அவன் அழுகையை நிறுத்திவிட்டான் பார், அடியில்லாமலே நிறுத்தியிருப்பான். பஸ் நிற்கட்டும், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

எங்கள் தரப்புச் சாட்சியாக எமீமா கூண்டில் ஏறியது 2023 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. நாலாவது நிமிஷம் எங்கள் வக்கீல், போதும் என்றார். ஜட்ஜ், சாட்சி பேசட்டும் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தி, மறுபடி ஏறி, நாலு நாற்பதுக்கு முடித்தாள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டாள்.